கரையோரக் கேப்டன்

"அத்தான், நீங்க கட்டுறது படகா, தொட்டிலா?"

மச்சான்காரன் கேட்டதிலும் தப்பில்லை. படகைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி. அது போதாதென்று உள்பக்கம் இன்னொரு வரிசை.

அத்தான் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவர், இந்தப் படகைப் பற்றிக் கேட்டால் மட்டும் தன் வாயைத் திறக்க மாட்டார். "இருக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்குரூவை முடுக்கப் போய்விட்டார்.

சேற்றில் புதைந்து கிடந்த பழைய படகு அது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம். சக்கரம் முழுக்கப் பலகைகள். சக்கரம் சுற்றினால் பலகைகள் தண்ணீரைத் தள்ளும், படகு முன்னால் போகும். அத்தான் ஆசைப்பட்டு வாங்கி, லீவு நாளையெல்லாம் அதற்கே தாரை வார்த்துவிட்டார். மச்சானோ படகுத்துறையில் என்ஜின் மெக்கானிக். கேட்க வேண்டுமா? மாங்கு மாங்கென்று கூடவே உழைத்தான்.

அவனுக்கு ஒரு கனவு. ஆற்றில் பழைய படகுகளின் அணிவகுப்பு வரப்போகிறது. இந்தப் படகு நடு ஆற்றில் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போக வேண்டும். துறையில் இருக்கிறவர்கள் பொறாமையில் வெந்து சாக வேண்டும். அப்படித்தான் நடக்கப்போகிறது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டும் விட்டான்.

அத்தான் அதில் மண்ணைப் போட்டார். அவன் கொண்டுவந்த பெரிய என்ஜின் வேண்டாமாம், சின்னது போதுமாம். அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டுமாம், முழங்கால் தண்ணீரிலும் படகு மிதக்க வேண்டுமாம். சாயங்காலமானால் நீளக் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து, தண்ணீருக்குள் குத்திக் குத்தி ஆழம் பார்த்தார்.

துறைக்காரர்கள் சும்மா விடுவார்களா? 'கரையோரக் கேப்டன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மச்சானுக்கு மானம் போயிற்று. நேரே அக்காவிடம் போய் முறையிட்டான்.

"அக்கா, உன் வீட்டுக்காரர் சரியான பயந்தாங்கொள்ளி. நடு ஆத்துப் பக்கமே போகமாட்டாராம். நீயாவது எடுத்துச் சொல்லேன்."

அக்கா படகில் போடுவதற்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அவர் சுபாவம் அப்படி. விடேன்டா."

"எல்லாம் நீ குடுக்குற இடம். தண்ணியைக் கண்டா நடுங்குற மனுஷனுக்கு எதுக்குப் படகு?"

"டீ ஆறுது, முதல்ல குடி" என்றாள் அக்கா.

அணிவகுப்பு நாளும் வந்தது. படகைக் கரையோரத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. என்ஜினும் சொன்ன பேச்சைக் கேட்டது. அக்காவும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்குள் மற்ற படகுகள் நடு ஆற்றில் வரிசை கட்டிவிட்டன. மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அத்தான், கடைசியாக் கேக்குறேன். நடு ஆத்துக்குப் போறோமா, இல்லையா?"

"கரையோரமாவே போவோம் மச்சான்."

எத்தனை நாள் ஆத்திரமோ, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டான்.

"பயமா இருந்தா நீங்க இறங்கிக்குங்க. நானும் அக்காவும் போயிட்டு வர்றோம்."

கரையில் நின்ற கூட்டம் சிரித்தது. அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிஜமாகவே இறங்கிவிட்டார். கரைக்கு அல்ல, பேன்ட் சட்டையோடு தண்ணீருக்குள். தண்ணீர் அவர் முழங்காலுக்கு மேலே வரவில்லை.

அவர் மச்சானைத் திரும்பியும் பார்க்கவில்லை. கரையிலிருந்து படகுக்கு ஏறப் போட்டிருந்த பலகைப் பக்கம் போனார். பலகையில் ஒரு கால், கரையில் ஒரு காலாக அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பாரு, ஆழம் இவ்வளவுதான்" என்றார் அத்தான் மெதுவாக. "போற வழி பூராவும் இவ்வளவுதான், நான் பாத்து வச்சிருக்கேன். தவறி விழுந்தாலும் எழுந்து நிக்கலாம். நான் கூடவே நடந்து வர்றேன், வா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். ஏறியதும் இரண்டு வரிசைக் கம்பிக்கும் நடுவே போய் ஒண்டிக்கொண்டாள்.

மச்சானுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆற்றங்கரை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் அக்கா ஒரு படகில்கூட ஏறி அவன் பார்த்ததில்லை. ஒரு தடவை தலைவலி என்பாள், இன்னொரு தடவை வீட்டில் வேலை என்பாள். இவனும் மண்டையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். தான் பேசிய பேச்சை நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

படகு நகர்ந்தது. அத்தான் பக்கத்திலேயே தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடந்தார்.

"படகு இருக்க, கேப்டன் நடந்து போறாரு பாருங்கடா" என்று கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். மறுபடி ஒரே சிரிப்பு.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றையும் திறந்தாள். கம்பியைப் பிடித்தபடியே குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தாள்.

சுக்கானைப் பிடித்திருந்த மச்சான், அத்தான் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பயம் உங்களுக்கு இல்லைன்னு இப்பவே சொல்லி, இவனுங்க வாயை அடைக்கிறேன்."

"ஐயோ, வேணாம் மச்சான்" என்றார் அத்தான். "அப்புறம் உங்க அக்காவையில்ல கேலி பண்ணுவாங்க? பயந்தாங்கொள்ளி நானாவே இருந்துட்டுப் போறேன்."