சங்கு ஊதினால் கேட்கக் கூடாது

ஊர்ச் சங்கு ஊதியதும் தன் கணவன் தீபன் எங்கே ஓடுகிறான் என்று மஞ்சரி கேட்டதே இல்லை. நகரத்தைக் காக்கப் பறந்து வரும் முகமூடிக்காரன் யாரென்று அவன் வீட்டார்கூடக் கேட்கக் கூடாது என்பது சட்டம். பெண் பார்க்க வந்த அன்றே தீபன் குரலைத் தாழ்த்தி, "சங்கு ஊதினா நான் போயாகணுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றிருந்தான். அந்த ஒரு பேச்சில் அவள் சொக்கிப்போனாள். நான்கு வருடமாக அவன் கரி அப்பிய சட்டையோடு திரும்பும்போதெல்லாம் வெந்நீர் தயாராக இருந்தது.

அன்று மாலை பஞ்சாலையில் தீ. சங்கு ஊதியது, தீபன் ஓடினான். ஒரே ஒரு தடவை அவன் பறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் மஞ்சரியும் பின்னாலேயே போனாள்.

அவன் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைக்குள் நுழைந்தான். உள்ளே பத்துப் பதினைந்து ஆண்கள், முகமூடிக்காரன் தீயை அணைப்பதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு வாசுகியின் கணவரும் இருந்தார். தீ அணைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு அடுப்புக்கரியை எடுத்து நிதானமாகச் சட்டையில் தேய்த்துக்கொண்டார்கள்.

மஞ்சரி சத்தம் காட்டாமல் வீடு திரும்பி வெந்நீர் போட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் மறுபடியும் சங்கு ஊதியது. தீபன் எழுவதற்குள் அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"என்னங்க, இப்படியெல்லாம் கேக்கலாமா? சட்டம் இருக்குல்ல?" என்றாள் மஞ்சரி. "நான் வரும்போது வெந்நீர் தயாரா இருக்கட்டும்."