ஏழாம் நாள்

“இதுல கை வெச்சே, அவ்வளவுதான்! தண்ணி குடிச்சிட்டு வந்து முடிக்கிறேன்.”

மனைவியைச் செல்லமாக மிரட்டி, இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்ட மரப்பாலத்தின் விக்கிப்பீடியாப் பக்கத்தில் ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்ற அறிவிப்பை ஒட்டிவிட்டு எழுந்த கணவர், சமையலறை வாசலிலேயே சாய்ந்தார். உயிர் இல்லை.

அறிவிப்புள்ள பக்கத்தைப் பிறர் தொடுவதில்லை. ஏழு நாள் திருத்தமின்றிக் கிடந்தால் யாரும் எழுதலாம். கடைசித் திருத்தம் முடிந்து எத்தனை நாள் என்று பக்கமே எண்ணிக் காட்டும். அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை வேறொருவர் முடித்துவிடுவாரே என்று அவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள்.

பத்தாம் நாள், கணவரோடு விக்கிப்பீடியாவில் எழுதிவந்த தொகுப்பாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, யாரும் திருத்தலை. ஆனா கடைசித் திருத்தம் ஆறு நாளைக்கு முன்னன்னுதான் இன்னும் காட்டுது.”

“சரியாப் பாருங்க தம்பி.”

“அண்ணன் எழுத்துல அவ்வளவு சுலபமா கை வைக்க முடியுமா?” என்றார் அவர்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. இன்று காலையும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

கடைசித் திருத்தம்: ஆறு நாட்களுக்கு முன்.