வெள்ளையாக வந்த நாலு பக்கம்

"நாலு பக்கமும் வெள்ளையா கிடக்கு. இதுக்கா ஓய் நான் நாலு வருசம் மதுரைக்கு ஓடினேன்?"

வக்கீல் எட்சன் புது இதழை மேஜைமேல் போட்டார்.

சுயம்புராஜ் அதை எடுத்து ஓரமாக வைத்தார். நாகர்கோவிலில் மாதப் பத்திரிகை நடத்துகிறவர். வழக்கு வாங்காத வருஷம் அவருக்குக் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன், ஒரு கடற்கரை ஊர்ப் பெண் தன் வாழ்க்கையைப் பெயர் போடாமல் அவர் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தாள். கட்டிக் கொடுத்தது, அடி வாங்கியது, வேறொருவனை விரும்பியது, எல்லாம். ஆபாசம் என்று யாரோ புகார் கொடுக்க, கடைக்குப் போகும் முன்பே மொத்தப் பிரதியையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. சுயம்புராஜ் இருபத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்தார். எழுதியவள் பெயரை மட்டும் சொல்லவே இல்லை.

போன மாதம் மதுரை ஹைகோர்ட் கட்டுரைக்கு இருந்த தடையை நீக்கியது. 'அந்தக் கட்டுரை அடுத்த இதழில்' என்று சுயம்புராஜ் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்.

இதழ் வந்தது. அந்தப் பக்கங்களில் ஓர் எழுத்து இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல என்ன பேசுதாவ தெரியுமா? நீரு விலை போயிட்டீராம்."

"பேசட்டும்."

"நானும் அப்பிடித்தான் நினைக்கணுமா?"

"நினைச்சுக்கிடும் ஓய்."

எட்சன் எழுந்து போய்விட்டார். மாடிப்படியில் பின்னாலேயே வந்தாள் ஜெனிலா. பத்து வருஷமாக அங்கே பக்கம் வடிவமைக்கிறவள்.

"அண்ணாச்சி விலை போகல்ல, சார். போஸ்டர் ஒட்டின மறுநாள் கட்டுரை எழுதின அக்கா வந்திருந்தா. போடாண்டாம்னு சொன்னா. சரின்னுட்டாரு."

"அதை நாலு பேருகிட்ட சொல்லப்பிடாதா? எதுக்கு இந்தக் கெட்ட பேரு?"

"நானும் கேட்டேன். 'அவ வேண்டாம்னான்னு சொன்னா, அவ யாருன்னு தேடத் தொடங்கிருவாவ. என்னையே ஏசட்டும்'னாரு."

எட்சன் படியிலேயே நின்றுவிட்டார். ஜாமீன் நிபந்தனையில் மன்னிப்பு என்ற ஒரு சொல் இருந்ததற்காக, கையெழுத்துப் போடாமல் ஜெயிலில் கிடந்த மனுஷன் சுயம்புராஜ்.

"போலீசு சொல்லிக் கேக்கல்ல. கோர்ட்டு சொல்லிக் கேக்கல்ல. அவ அப்பிடி என்னதான் சொன்னா?"

"ரொம்பப் பேசல்ல, சார். 'நாலு வருசம் ஆயிட்டுல்லா அண்ணாச்சி, எனக்க மவ இப்பம் வாசிக்கப் படிச்சிட்டா'ன்னா."