அஸர் நேரத்துக் குதிரை

கண்டக்குழிக் கடற்கரையில் ஓட்டோவை நிறுத்தியபோது, காற்று அதை உருட்டிக்கொண்டு போய்விடும் போலிருந்தது. ஸஜீத் சில்லுகளுக்குக் கல் வைத்தான்.

நாலு வயது மகள் ஸஹ்னாவுக்கு ஒரே கொண்டாட்டம். புதிதாகப் பத்துவரை எண்ணப் பழகியிருந்தாள். மன்னாரில் புறப்பட்டதிலிருந்து மாடு, பாலம், காற்றாலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணித் தீர்த்துவிட்டாள்.

உம்மா றைஸாவின் வாய்க்குத்தான் பூட்டு. அனுராதபுரத்திலிருந்து புருசனோடு கதை இல்லை. தேத்தண்ணியைக்கூடப் பிள்ளை கையில்தான் கொடுத்தனுப்பினாள்.

அங்கே மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தவனிடம், பிள்ளைக்கு நம்மட ஊரைக் காட்டுவோம் என்று ஆசையாகச் சொல்லப் போனாள்.

"நம்மட ஊர் மன்னார். கண்டக்குழியில நாம அகதியாத்தானே இருந்த?" என்றான் அவன்.

அந்த அகதிக் கொட்டிலில்தான் றைஸா பிறந்தாள். அவன் மட்டும் என்ன, தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, இரண்டு வயதுப் பிள்ளையாக உம்மாவின் இடுப்பில் வந்து இறங்கியவன். பல் விழுந்ததும் முளைத்ததும், அந்தப் பல்லைக் காட்டி றைஸாவைப் பார்த்து இளித்ததும் இந்த மணலில்தான். யுத்தம் முடிந்து மன்னாரில் வீடு கட்டியதும் துரைக்கு எல்லாம் மறந்துபோயிற்று. திரும்பி வந்து குடியிருக்கவா கேட்டாள்? இதுவும் என் ஊர் என்று அவன் ஒருதரம் சொன்னால் போதும்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஸஜீத் மணலில் முசல்லாப் பாயை விரித்து, பறக்காமல் நாலு மூலைக்கும் செருப்பு வைத்தான். இரண்டு அவனுடையது. இரண்டு, கேட்காமல் எடுத்த அவளுடையது.

றைஸா ஓட்டோவிலேயே கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பார்க்காமலே அவளுக்குத் தெரியும். பயணத்தில் லுஹர், அஸர் தொழுகைகளின் நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம், சொந்த ஊரில் முழுசாகத் தொழவேண்டும். ஸஜீத் இதிலெல்லாம் கண்டிப்பானவன். லுஹரை இரண்டாகத்தான் தொழுதான். இங்கேயும் இரண்டுதான் தொழுவான்.

ஒரு ரக்அத்துக்கு இரண்டு சுஜூது. வாப்பா நெற்றியை நிலத்தில் வைக்கும் ஒவ்வொரு தரமும் முதுகில் ஏறுவது ஸஹ்னாவின் வழக்கம். அவள் இறங்கும்வரை அவனும் எழும்பமாட்டான். ஆக, இன்றைக்கு நாலு சவாரி.

பின்னால் பிள்ளை சிரிப்பது நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"உம்மா, எட்டுத் தரம் குதிரை ஏறின."

எட்டு இல்லை, நாலு, பிழையாக எண்ணிவிட்டீங்க என்று அவள் தலையிலிருந்த மணலைத் தட்டினாள் றைஸா.

ஸஜீத் முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"புள்ள சரியாத்தான் எண்ணியிருக்கு," என்றான்.

றைஸா எட்டை இரண்டால் வகுத்துப் பார்த்தாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள். ஸஹ்னா வழக்கம்போல் கையை நீட்டினாள்.

கோப்பையைப் பிள்ளையிடம் கொடுக்காமல், வெறுங்காலோடு மணலில் இறங்கித் தானே கொண்டுபோனாள்.