பிரபு போகும் வீடு

இந்த வருஷமும் பிரபு சுகியே வீட்டுக்குத்தான் போவார் என்றால், கியோனோவால் அதைத் தாங்கிக்கொள்ள முடியாது.

பிரபு என்றால் பட்டும் வாளுமாக வருகிறவர் இல்லை. டோக்கியோவில் ஏதோ கம்பெனியில் வேலை. மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு பை. கோட்டையை இடித்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் அகிஸுமி குலத்தின் வாரிசு அவர்தான், எங்கள் ஊருக்கு இன்றைக்கும் அவர் பிரபுதான்.

இலையுதிர்காலத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் ரயிலில் வந்துவிடுவார். குலக்கோவிலில் கும்பிடுவார். பின்னால் இருக்கிற சமாதிகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றி, ஊதுபத்தி ஏற்றுவார். அப்புறம் ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குப் போவார். அது சுகியேவின் வீடு; முன்பக்கம் டோஃபு என்கிற சோயாக்கட்டி விற்கிற கடை. கதவு சாத்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து நேராக ரயிலுக்குப் போய்விடுவார்.

பக்கத்து வீடு கியோனோவுடையது. வேலி இடுக்கு வழியாக இதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? கியோனோவின் முப்பாட்டன் ஒருவர் அந்தக் குலத்துக்கே தலைமை மந்திரியாக இருந்தவர். பிரபுக்களின் சமாதிகளுக்கு அடுத்தாற்போல், இரண்டு பக்கமும் கல்விளக்கோடு அவருக்குச் சமாதி. சுகியேவின் முன்னோருக்கோ மதிலுக்கு வெளியே, மூங்கில் புதருக்குள் ஒரு சின்னக் கல்.

"மதிலுக்கு வெளிய கிடக்கிறவங்க வீட்டுக்குப் போறாரு. மந்திரி வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேங்கிறாரு. அப்படி என்ன சொக்குப்பொடி போட்டாளோ" என்று கணவர் யசுஜியிடம் பொருமினாள்.

"டோஃபு போட்டிருப்பா. நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர்.

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கு அவர் சூப்பில் டோஃபுவே விழவில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று சுகியேவிடமே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். "சும்மா வந்துட்டுப் போறாருக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பெருமையடித்துக்கொண்டாலாவது தேவலை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய திமிர் என்பது கியோனோவின் கட்சி.

இந்த வருஷம் ஒரு முடிவோடு இருந்தாள். கூடத்துப் பாயெல்லாம் புதிதாக மாற்றினாள். கஷ்கொட்டைப் பலகாரம் வாங்கி வைத்தாள். பழைய தேநீர்க் கிண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தாள். மந்திரி முப்பாட்டனின் படத்தை நடுச்சுவருக்குக் கொண்டுவந்தாள். கல்லறை வேலை முடிந்து பிரபு இறங்கி வரும்போது, கோவில் வாசலில் ஊர் பார்க்க அவர் வழியில் போய் நின்றுகொண்டாள்.

"ஐயா, இந்தத் தடவை நம்ம வீட்டுக்கு வந்துதான் ஆகணும்."

பிரபு திணறிப்போனார். கூட்டத்தில் நின்ற சுகியேவைப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்கய்யா. அக்கா ஆசையா கூப்பிடுறாங்க" என்றாள் சுகியே.

கொஞ்சமாவது முகம் வாடியிருந்தால் கியோனோவுக்குக் குளிர்ந்திருக்கும். அவள் நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிரபு முள்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். தேநீரை வாங்கிக்கொண்டார். பலகாரத்தைத் தொடவில்லை. யசுஜி மழை, மகசூல் என்று எதையோ பேசிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரு தலையாட்டல்தான்.

கியோனோவுக்குப் பொறுக்கவில்லை.

"சுகியே வீட்டுல நீங்க என்ன மரியாதை செய்வீங்களோ, அதையே நம்ம வீட்டுலயும் செய்யணும். நாங்க என்ன அவங்களைவிடக் குறைச்சலா?"

"அங்க நடக்கிறது மரியாதை இல்லம்மா."

"அப்ப வேற என்ன?"

பிரபு கிண்ணத்தைக் கையில் ஒரு சுற்றுத் திருப்பினார். பிறகு மெல்லச் சொன்னார். சுகியே வீட்டில் அவர் தேநீர்கூடக் குடிப்பதில்லை. செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டி உள்ளே போவதும் இல்லை. அங்கேயே வெறுந்தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார். அவர் அப்பாவும், அப்பாவின் அப்பாவும் செய்தது அதுதான்.

"கஜானாவுல கை வெச்சதா அவங்க முன்னோர் மேல பழி வந்தது. அப்ப பிரபுவா இருந்த எங்க பெரியவர் விசாரிக்காமலே அவரை வயித்தைக் கிழிச்சுக்கிட்டுச் சாகச் சொல்லிட்டாரு. குற்றவாளின்னு மதிலுக்கு வெளிய புதைச்சாங்க. அவர் ஒரு தப்பும் பண்ணலைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது."

கியோனோவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. இத்தனை வருஷம் இதைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. சுகியேவுக்காக முதல்முறையாக மனசு இளகியது. இளகின வேகத்தில் கோபமும் வந்தது.

"பாவம் சுகியே. யாருய்யா அந்தப் பழியைப் போட்டது? அவன் வம்சம் விளங்குமா?"

யசுஜி சட்டென்று மனைவியின் முழங்கையைப் பிடித்தார். பிரபு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது வேண்டாம்மா."

"சொல்லுங்கய்யா. அப்படிப்பட்ட குடும்பம் எதுன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

"சொல்ல மாட்டேன்னு சுகியே அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் பிரபு, அவள் முகத்தைப் பார்க்காமல். "தெரிஞ்சா பக்கத்து வீட்டு அக்கா அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."