வெறும் தண்ணீரில் 494

"வெறும் தண்ணியில மருந்து எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து குதிச்சுச்சா?"

மேலாளரின் குரல் ஆய்வகம் முழுக்கக் கேட்டது. திரையில், தட்டையாக ஓட வேண்டிய கோடு நடுவில் கோபுரம் மாதிரி எழும்பி நின்றது.

அது இரட்டைக் கருவி. முதலாவது, நீரில் கலந்திருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும். இரண்டாவது, அதை எடை போட்டு எண் சொல்லும். ஊர்க் குடிநீரைச் சோதிக்கும் முன், எதுவும் கலக்காத நீரை ஓட்டிப் பார்ப்பார்கள். அதில்தான் இன்று 494 என்று வந்திருந்தது.

"இது ஏதோ மாத்திரை மருந்து. பழசு குப்பியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. யார் கழுவினது?"

கருவியை இயக்கும் இளம்பெண் வாயைத் திறக்குமுன், கழுவுதொட்டிப் பக்கமிருந்து பதில் வந்தது.

"நான்தான் சார். அவசரத்துல ஒரு தடவைதான் அலசினேன்."

சொன்னவர் பளிச்சம்மா. குப்பிகளை அவர் கழுவும் அழகுக்கு எல்லோரும் வைத்த பெயர். கணவர் படுத்த படுக்கை. வீடு ஓடுவது இவர் சம்பளத்தில்தான்.

"பேர்தான் பளிச்சு! நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா."

"சரிங்க சார். கடவுள் விட்ட வழி." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், ஒரு மணி நேரம் கொடுங்க," என்றாள் அந்தப் பெண். 494 எந்த மருந்து என்று அவள் பட்டியலைப் புரட்டவில்லை. பளிச்சம்மா கழுவிய குப்பி ஒன்றை எடுத்து, புதுக் கையுறையோடு மேலாளரையே நிரப்பச் சொன்னாள். கோடு தட்டையாக ஓடியது.

அடுத்து, பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்த புதுக் குப்பி. காலையில் போட்ட கையுறையைக் கழற்றாமல் தானே நிரப்பினாள். கோபுரம் எழும்பியது.

மேலாளர் அவளைப் பார்த்தார். அவளுக்கு இந்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டும். தூரத்தில் பளிச்சம்மா 'வேண்டாம்' என்று தலையசைத்தார்.

"என் கையிலேர்ந்துதான் சார். எனக்கு ரத்தப் புற்றுநோய். அதுக்கான மாத்திரை. இன்னிலேர்ந்து பாதி போதும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இங்க வந்துதான் உடைச்சேன். அதே விரலால கையுறையை மாட்டிட்டேன்."

மேலாளர் தன் நாற்காலியை அவளிடம் நகர்த்தினார்.

"உட்காரும்மா. பாதியாக்கிட்டாங்கன்னா நல்ல சேதிதானே? வேலையைப் பத்தி யோசிக்காதே." பிறகு தொட்டிப் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா, நீங்க ஒழுங்காத்தானே கழுவியிருக்கீங்க? எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"மாத்திரைன்னு சொன்னீங்களே சார்," என்றார் பளிச்சம்மா. "ஒன்பது மாசமா இந்தப் பொண்ணு போடற காலி அட்டையை யார் கண்ணுலயும் படாம குப்பைக்கு அடியில தள்ளி விடறது நான்தானே."