ஒரு விரல் வித்தியாசம்

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த சுவைலிம் கட்டுப்போட்ட வலக்கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தான். இரண்டு முறை கீழே இழுத்தான்.

அந்தச் சைகை மகன்களில் ஒருவனின் பெயர். எவன் பெயர் என்றுதான் அவன் மனைவி சபீஹாவுக்குத் தெரியவில்லை.

காலையில் நெகேவ் பாலைவன மேட்டில் ஆடு மேய்க்கப் போன இடத்தில், மண்ணில் பாதி புதைந்து கிடந்த இரும்பை இரண்டு பையன்களும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்தக் காலத்துப் போரிலோ வெடிக்காமல் போன குண்டு. தூரத்திலிருந்து சுவைலிம் பார்த்துவிட்டான்.

கத்தி என்ன பயன்? அவனுக்கும் காது கேட்காது, பையன்களுக்கும் கேட்காது. கைகளை வீசிக்கொண்டே ஓடினான். அவர்கள் நிமிரவில்லை. பிடுங்கக் கை நீட்டியபோது வெடித்தது.

இப்போது ஒருவன் அறுவை அரங்கில் இருந்தான், முகம் முழுக்கக் கட்டு. இன்னொருவன் கீழ்த்தளத்துப் பிணவறையில், அடையாளம் தெரியாதபடி சிதைந்து, தலையோடு போர்த்தப்பட்டு.

பதினொரு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே உயரம்.

"உம்மு ஔதா, உள்ள இருக்கறது எந்தப் பையன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ். "ஆம்புலன்ஸ்ல அவன்கூடவே வந்தவரு இவருதான்."

உம்மு ஔதா என்றால் ஔதாவின் அம்மா. மூத்தவன் ஔதா பிறந்தபோதே அவன் கன்னத்தில் குழி. அன்றே சுட்டுவிரலைத் தன் கன்னத்தில் அந்த இடத்தில் வைத்து இரண்டு முறை இழுத்தான் சுவைலிம். பாதிப்பேர் கையால் பேசுகிற அந்த ஊரில் அதுவே பெயராகிவிட்டது. அடுத்தவன் நாயிஃபுக்கும் அதே குழி விழுந்தது. அதே இடம், அதே இழுப்பு. விரல் மட்டும் சுண்டுவிரல்.

வாயால் பேசுகிறவர்களுக்குக் கல்லும் காலும் எப்படியோ, அப்படி. ஒருவரும் ஒருநாளும் மாற்றிப் புரிந்துகொண்டதில்லை.

வலக்கையில் எத்தனை விரல் மிச்சம் என்று டாக்டர் சொல்லவில்லை. மணிக்கட்டு வரை வெள்ளை உருண்டை. இடக்கையைப் பலகை வைத்து உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

சுவைலிம் மறுபடி ஆரம்பித்தான். கன்னம். இழுப்பு, இழுப்பு. பிறகு மார்பில் தட்டினான்: உயிரோடு இருக்கிறான்.

மறுபடி கன்னம். இழுப்பு, இழுப்பு. வெள்ளை உருண்டை சாய்ந்து படுக்கையில் விழுந்தது: போய்விட்டான்.

அவள் முகத்தைப் பார்த்தான். இன்னும் நிதானமாக, இன்னும் அழுத்தமாகச் சொன்னான். கட்டுக்குள் விரலைச் சரியாகத்தான் நீட்டுகிறோம் என்று நினைத்திருப்பான்.

"என்ன சொல்றாரு?"

"புரியலம்மா. கட்டு மறைக்குது."

நர்ஸ் பெயர் எழுதும் இடத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சபீஹாவின் கைகளில் ஒரு கீறல்கூட இல்லை. சுட்டுவிரலைத் தன் கன்னத்தில் இழுத்து, மார்பில் தட்டிக் கேட்டால் போதும். ஆமென்றோ இல்லையென்றோ அவன் தலையசைத்துவிடுவான். வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்தே அது அவளுக்குத் தெரியும்.

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, அவன் சொல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.